மயாமி விற்ற மூன்று அவுட்ஃபீல்டர்கள்

வணக்கம் நேயர்களே. ஜூலை முடியும் வேளையில், பேஸ்பால் அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கிவிடும். அணியைப் புதிதாகக் கட்ட நினைப்பவர்கள், இருக்கிற நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு முதன்மை லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில் வளரும் இளம் அவுட்ஃபீல்டர்களை, அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்களை, கேட்பார்கள். எதைப் பார்த்துக் கேட்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

மயாமி மார்லின்ஸ் அணியையே எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாக ஸ்டான்டன், ஒசுனா, யெலிச் என்ற மூன்று அவுட்ஃபீல்டர்களையும் விற்றார்கள். யெலிச்சுக்கு ஒப்பந்தத்தில் இன்னும் 4 ஆண்டுகள் உறுதியாக இருந்தன, சம்பளமும் மலிவு. அவருக்கு ஈடாக மில்வாக்கி அணியிலிருந்து வந்த நால்வரில் முதல் பெயர் லூயிஸ் பிரின்சன், அடுத்து மான்டி ஹாரிசன். இருவருமே அவுட்ஃபீல்டர்கள். வேகம், எறியும் கை, அடியில் பலம் எல்லாம் இருந்தது.

2017-இல் மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள்-ஏ ஆட்டத்தில் பிரின்சனின் மட்டைச் சராசரி .331, அதாவது ஆயிரத்துக்கு 331 வெற்றி அடி. ஆனால் ஆடிய ஊர் கொலராடோ ஸ்பிரிங்ஸ், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். மெல்லிய காற்றில் அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், பந்து வீசும் பிட்சரின் வளைபந்தோ குறைவாகத்தான் வளையும். இப்படிப்பட்ட எண்ணைச் சொந்த மைதானம் வேறு, வெளியூர் வேறு என்று பிரித்துப் பார்க்காமல் தொடவே கூடாது. மயாமியில் 2018-இல் அவர் சராசரி .199. அதே ஆண்டு ஹாரிசன் ஒரு படி கீழான டபிள்-ஏயில் 215 முறை ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட்) ஆனார். யெலிச்சோ முதன்மை லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்!

டபிள்-ஏயில் நூறு முறை மட்டை பிடித்தால் முப்பது முறை ஸ்டிரைக்-அவுட் ஆகிறவருக்கு, எத்தனை பலமிருந்தாலும், நான் பாதி விலைதான் போடுவேன். மேலே போகப் போகப் பிட்சிங் கடினமாகுமே தவிர இளகாது.

அடுத்த கேள்வி, நீங்கள் கேட்கும் இளைஞர் 25 வயதிலும் அதிகம் ஓட வேண்டிய நடுப்பகுதியான சென்டர் ஃபீல்டில் நிற்பாரா? உடம்பு கனத்து இடப்பக்கமான லெஃப்ட் ஃபீல்டுக்கு நகர்ந்தால், மட்டையே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். 2017-இல் பிட்சர் கின்டானாவைக் கொடுத்து ஷிகாகோ வைட் சாக்ஸ் வாங்கிய எலோய் ஹிமெனெஸ் 2019-இல் 31 ஹோம் ரன் அடித்தார். பிறகு 2021 பயிற்சி முகாமில் லெஃப்ட் ஃபீல்டு வேலியருகே பந்தை எட்டப்போய் மார்புத் தசைநார் கிழிந்தது. அந்த வர்த்தகத்தில் இரண்டாவது பெயராக வந்த பிட்சர் டிலன் சீஸ் 2022-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கான வாக்கில் இரண்டாமிடம் பிடித்தார்.

ஆள் முதன்மை லீக் அணியின் 40 பேர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். இருந்தால், பொதுவாக 3 பருவங்களில்தான் அவரை மைனர் லீகுக்குத் தடையின்றி அனுப்பலாம். அது தீர்ந்தபின் அனுப்பப் பார்த்தால், மற்ற அணிகள் அவரைத் தட்டிக்கொண்டு போகலாம். பக்குவப்பட நாள் பிடிக்கும் மட்டையாளருக்கு இது பெரிய தலைவலி.

ஒசுனாவைக் கொடுத்தபோது மயாமிக்கு வந்தவர்களில் மக்னியூரிஸ் சியெரா என்ற அவுட்ஃபீல்டரும் உண்டு; கால் ஓடியது, மட்டை பேசவில்லை. கூட வந்த பிட்சர் சான்டி அல்கான்டாரா 2022-இல் சை யங் வென்றார். ஆகவே ஒரே சாயலில் இரண்டு அவுட்ஃபீல்டர்களை எதிரணி நீட்டினால், ஒருவரை வாங்கிக்கொண்டு, மற்றவருக்குப் பதில் கீழ்மட்டத்தில் வேகமாக வீசும் பிட்சர் ஒருவரைக் கேளுங்கள்.