பாறைக்குள் ஒரு நேர்வழி

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பின் படுவான்கரையில் பாறை நிலத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். துளையிட்டு, மருந்து நிரப்பி, ஆட்களைத் தூர அனுப்பி வெடிக்க வைத்து, புகை அடங்கிய பின் கல் அள்ள வேண்டும். பிறகு மறுபடியும் துளை. உலகின் பல நிலத்தடிச் சுரங்கங்களிலும் வழி இப்படித்தான் திறக்கிறது. ஒரு சுற்றுக்குச் சில மீட்டர்தான் கிடைக்கும்.

சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தில் இந்தக் காத்திருப்பு இல்லை. முகப்பில் பெரிய எஃகுத் தட்டு சுழல்கிறது. அதில் பதித்த சில்லுகள் பாறையை அரிவதில்லை; பேரழுத்தத்தோடு அதன்மேல் உருண்டு, இரு தடங்களுக்கு நடுவிலுள்ள கல்லைச் செதில் செதிலாகத் தெறிக்க வைக்கின்றன. வெடி அதிர்வு இல்லாததால் சுற்றுப்பாறை அதிகம் குலைவதில்லை. உள்ளே நடப்பவருடைய உயிருக்கு அது பெரிய காவல்.

ஆனால் தாதுப் படிவம் நேர்கோட்டில் ஓடாது. நமது போகலை, கஹட்டகஹா காரீய (கிராஃபைட்) சுரங்கங்களில் தாது ஒடுங்கிய நரம்புகளாகச் செங்குத்தாக இறங்குகிறது. அதன் பின்னால் இந்த நீண்ட இயந்திரத்தைத் திருப்ப முடியாது. அது வளைவதற்கே வழக்கமாக நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரம் வேண்டும். ஆகவே தாது இருக்கும் இடம்வரை போகும் நீண்ட வழிக்கே அது பொருந்தும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் பிளாட்டினச் சுரங்கம் 1980களின் இறுதியிலிருந்து அதை அப்படிப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குரோவ்னர் நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சரிவான இரு பாதைகளை அதுவே துளைத்தது.

எனக்கு வேகத்தைவிட நீரைப் பற்றித்தான் கவலை. உமா ஓயா திட்டம் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமானது, கனிமச் சுரங்கம் அல்ல. ஆயினும் பாறை ஒன்றுதானே? அங்கே இயந்திரம் துளைத்துப் போகையில் வெடிப்புகளில் தேங்கியிருந்த நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. கிணற்று நீரை நம்பி வாழும் நாம் இதை மறக்கக் கூடாது.

இதைத் தடுக்க வழி உண்டு. தட்டு நகருமுன் முகப்பிலிருந்து பல மீட்டர் தூரத்துக்கு மெல்லிய சோதனைத் துளை போட வேண்டும். அதில் நீர் வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, வெடிப்புகளுக்குள் சீமெந்துக் குழம்பை அழுத்தி அடைத்த பிறகே நகர்த்த வேண்டும். இதனால் வேலை தாமதமாகும், செலவு ஏறும். எங்கள் மாவட்டத்திலோ அம்பாறையிலோ நாளை யாராவது நிலத்தைக் குடைய வந்தால், இயந்திரம் நாளுக்கு எத்தனை மீட்டர் போகும் என்று கேட்குமுன், அந்தச் சோதனைத் துளைக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மேலே இருக்கும் கிணறுகளின் நீர்மட்டத்தை வேலை தொடங்குமுன்பே அளந்து எழுதி வைத்தீர்களா என்றும் கேளுங்கள்.