தவறான தடத்தில் பிடிபட்ட குற்றவாளி

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியப் பேராசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’ என்னும் நாவல், துப்பறியும் கதையின் மரபுகளை எவ்வாறு கையாள்கிறது என்பதைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். குற்றவாளி யார் என்பதைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது. நாவலை இனிமேல் படிக்கவிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

1327 நவம்பரில், வட இத்தாலிய மலையொன்றின் மேலுள்ள பெனடிக்டின் மடத்தில், ஏழு நாட்களுக்குள் துறவியர் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். விசாரிப்பவர் பாஸ்கர்வில் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி; அவருடன் வந்த இளம் சீடர் அட்சோ, முதுமையில் அதை எழுதிவைக்கிறார். ஹோம்ஸும் வாட்சனும் நினைவுக்கு வருவது தற்செயல் அன்று. பனியில் பதிந்த குளம்படிகளையும் முறிந்த சிறுகிளைகளையும் கண்டு, தாம் பார்த்தேயிராத குதிரையின் பெயரைக்கூட வில்லியம் சரியாகச் சொல்லிவிடும் தொடக்கக் காட்சி, இவர் தவறவே மாட்டார் என்ற நம்பிக்கையை நமக்கு ஊட்டுகிறது.

அந்த நம்பிக்கையைத்தான் எக்கோ பின்னர் சோதிக்கிறார். முதல் சாவு ஆலங்கட்டி மழை பெய்த இரவில். இரண்டாமவரின் உடல் பன்றி இரத்தம் நிரம்பிய தாழியில். மூன்றாமவருடையது குளியல் தொட்டி நீரில். விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டில் உலக முடிவை அறிவிக்கும் ஏழு எக்காளங்கள், ஆலங்கட்டி, இரத்தம், நீர் என்று வரிசையாக ஒலிக்கின்றன என்று முதிய துறவி ஒருவர் சொல்ல, வில்லியமும் அந்த வரிசையைப் பின்தொடர்கிறார். உண்மையில் அப்படியொரு திட்டத்தை எவரும் தீட்டவில்லை. முதலாவது தற்கொலை, தாழியில் உடலைப் போட்டவர் கொலைகாரர் அல்லர், விண்கோளக் கருவியால் தலையில் அடிபட்டு நிகழ்ந்த நான்காம் சாவு வேறொருவரின் பொறாமையால் விளைந்தது. நகைச்சுவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும் நூலின் ஏடுகளில் நஞ்சு தடவி மறைத்துவைத்த பார்வையற்ற முதியவர் ஹோர்ஹேயை, வில்லியம் இந்தப் பிழையான வரிசையின் வழியாகவே சென்றடைகிறார். இன்னும் வியப்பானது, எக்காளப் பேச்சைக் கேள்விப்பட்ட ஹோர்ஹே, இச்சாவுகளை இறைவனே நடத்துகிறார் என்று நம்பத் தொடங்கியிருந்தார் என்பது. துப்பறிபவரின் ஊகமே குற்றவாளியின் நம்பிக்கையாக மாறிவிடும் இந்த இடம்தான், என் மதிப்பீட்டில், நாவலின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு.

இதை வகைமையின் மீதான கேலி என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. சோதித்தறியும் அறிவை வலியுறுத்திய ரோஜர் பேக்கனைக் குருவாக மதித்து, தத்துவ அறிஞர் ஆக்கம் வில்லியமின் நண்பராகவும் விளங்கும் பாஸ்கர்வில் வில்லியமுக்கு, ஒவ்வொரு தடயமும் மெய்யாக இருந்தும் அவற்றை இணைக்கும் ஒழுங்கு பொய்யாகிவிடுவது, அந்த நூற்றாண்டுக்கே உரிய அறிவுத் துயரம். சமய விசாரணை அதிகாரியான பெர்னார் கீ என்பவரோ, வரலாற்றில் உண்மையில் வாழ்ந்தவர், இங்கே எந்த ஐயமும் இன்றி, செய்யாத கொலைகளையும் உக்கிராணப் பொறுப்பாளர் ரெமிஜியோவே ஒப்புக்கொள்ளும்படி அச்சுறுத்தி, வழக்கை முடித்துவிட்டுப் புறப்பட்டுப் போகிறார். கொலைகள் அதன் பிறகும் தொடர்கின்றன.