தபால்காரர் கொண்டுவந்த பட்டம்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பொங்கல் விடுமுறை மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கோட்டைக்கு எதிரே வந்து அமர்ந்திருக்கும் வேலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வட ஆர்க்காட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியது தாயா, சேயா" என்பது இன்றைய தலைப்பு. தாய் என்பது 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம். சேய் என்பது 2002இல் அதிலிருந்து பிரிந்து நம் மண்ணிலேயே பிறந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம். நான் தாய்க்காகப் பேச வந்தவன். தாய்க்காகப் பேசுகிறவனுக்குத் தமிழ்நாட்டில் பாதி வெற்றி மேடை ஏறும்போதே கிடைத்துவிடும் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பாதியையும் எதிரணி அண்ணன் ஒரே சொல்லில் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

"சென்னைப் பல்கலைக்கழகம் நமக்கு என்ன செய்தது? ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தது, மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தது, போய்விட்டது. அது தாயும் இல்லை, தந்தையும் இல்லை, வெறும் தபால்காரர்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, 1857 செப்டம்பர் 5ஆம் நாள் அதற்கான சட்டம் வந்தபோது வகுப்பறை கிடையாது, பேராசிரியர் கிடையாது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, தேர்வு வைத்துப் பட்டம் தருவது இதன் வேலை. சேப்பாக்கத்துச் செனட் இல்லமே 1879இல்தான் கட்டி முடிந்தது. தனக்கென்று பேராசிரியர்களை அமர்த்தி இந்திய வரலாறு போன்ற துறைகளைத் தொடங்கியது 1914இல். ஆகவே 57 ஆண்டுகள் அது தபால்காரர் வேலைதான் பார்த்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பு 1839இல், எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் 70,000 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்களே, அந்த மனுவையும் கடிதக் கணக்கில் சேர்த்தால் அண்ணன் கட்சி இன்னும் பலப்படும். சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அது பாடம் நடத்தாத பல்கலைக்கழகமாக இருந்ததால்தான் பாடம் வேலூர் வரைக்கும் வந்தது. எல்லாரும் சென்னைக்கு வந்து தங்கிப் படியுங்கள் என்று அது சொல்லியிருந்தால், கடலை மூட்டை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த நம் பாட்டன்மார் காட்பாடி ரயில் நிலையத்தோடு திரும்பியிருப்பார்கள். 1898இல் ஊரிசு கல்லூரி வந்தது. திருத்தணியிலிருந்து வந்த ராதாகிருஷ்ணன் என்னும் மாணவர் பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பை இங்கேதான் படித்தார், பின்னாளில் குடியரசுத் தலைவரானார். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, 1951இல் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உயர்ந்தபோது, அந்தப் பட்டத்தைத் தந்ததும் அதே சேப்பாக்கம்தான். 1911 வரை சித்தூரும் திருப்பதியும் நம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1954இல் திருப்பதியில் வந்த பல்கலைக்கழகத்தையும் நம் கணக்கில் எழுதியிருந்தால் எதிரணிக்கு ஒரு சேய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அண்ணன் விட்டுவிட்டார், நான் எடுத்துக்கொடுக்கிறேன்.

புள்ளிவிவரம் போதும், முன்வரிசையில் ஒரு பெரியவர் கொட்டாவி விடுகிறார். ஐயா, இனி உங்களுக்குத் தூக்கம் வராது. ஓர் அங்கியின் கதையைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பி.ஏ. தேறியவர் முதலில் செய்யும் காரியம் வேலை தேடுவது அன்று, படம் எடுத்துக்கொள்வது. எங்கள் வேலூரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதில் ஒரு கறுப்பு அங்கி இருந்தது, ஒன்றே ஒன்று. யாரோ ஆறடி உயரத்து மனிதருக்குத் தைத்தது. மற்றவர்கள் போட்டால் முதுகுப்பக்கம் துணி உலர்த்தும் கிளிப்பை வரிசையாக மாட்டி இறுக்குவார்கள். படத்தில் முன்பக்கம் பட்டதாரி, பின்பக்கம் கொடிக்கயிறு. அந்த அங்கியின் இடது தோளில் தேய்ப்புப் பெட்டிச் சூடு பட்டு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியதுபோல அங்கே வெள்ளையாகத் தெரியும்.

எங்கள் பெரிய மாமா வீட்டுச் சுவரில் 1961ஆம் ஆண்டுப் படம், தோளில் ஒரு ரூபாய். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறையில் அவர் படம், தோளில் ஒரு ரூபாய். ஆர்க்காட்டில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனால் அப்பாவும் மகனும் இரண்டு சட்டங்களில் அடுத்தடுத்துத் தொங்குகிறார்கள். இருபத்தைந்து ஆண்டு இடைவெளி, முகம் மாறியிருக்கிறது, மீசை மாறியிருக்கிறது, அந்த ஒரு ரூபாய் மட்டும் செலவாகவே இல்லை.

எங்கள் சித்திக்கு வரன் பார்த்தபோது தரகர் ஒரு படத்தோடு வந்தார். "மாப்பிள்ளை மெட்ராஸிலேயே பிறந்து மெட்ராஸிலேயே படித்தவர், வேலூர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை" என்று அளந்துகொண்டே போனார். பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. படத்தை வாங்கினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை, நேராக இடது தோளைப் பார்த்தார். "பட்டம் மெட்ராஸ்தான் தரகரே, படம் நம்ம ஊரு" என்றார். விசாரித்தால் பையனுக்குச் சொந்த ஊர் காட்பாடி. கல்யாணமும் நடந்தது. அந்தச் சித்தப்பா இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் சித்தப்பா, தோளை மட்டும் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் மணியை எடுக்கிறார். ஐயா, இதோ தபால்காரரிடம் வந்துவிட்டேன்.

அண்ணன் அவர்களே, இங்கிருந்து கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளை அனுப்பிய ஊர். எல்லையில் நின்ற மகனின் மணியார்டருக்கும், "நலம், நலமறிய ஆவல்" என்ற நான்கு வரிக்கும் திண்ணையில் காத்திருந்த தாய்மார்களிடம் போய்த் தபால்காரர் என்றால் வெறும் தபால்காரர்தானே என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு நாம் விவாதத்தைத் தொடரலாம்.

அந்தத் தபால்காரர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்குப் பாடம் தபாலில் போயிற்று. அண்ணன் கேலியாகச் சொன்னது அன்று எழுத்துக்கு எழுத்து நடந்தது. அப்போது நாங்கள் குடியாத்தத்தில் இருந்தோம். என் அம்மா பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பை முடித்த கையோடு திருமணமாகி வந்தவர். அப்பாவின் தறி நின்றுபோன ஆண்டில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிள் மணி கேட்கும். பழுப்பு உறையில் வரலாற்றுப் பாடம் வரும். இலையை வெட்டிக்கொண்டே படிப்பதற்காக அந்தப் பாடத்தாளை முறத்தின் விளிம்பில் செருகி வைப்பார். என் நினைவில் அக்பருக்கும் அசோகருக்கும் இன்றைக்கும் புகையிலைத் தூள் வாசனைதான். உறை வராத வாரத்தில் தபால்காரரே வாசலில் இறங்கி, "இந்த வாரம் இல்லைம்மா, போன வாரத்தையே இன்னொரு முறை படிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பாடம் நடத்திய ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரியாது. பாடத்தைக் கொண்டுவந்தவரின் காக்கிச் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பது தெரியும்.

சேயைப் பழிக்க நான் வரவில்லை. சேர்க்காட்டு வளாகத்துக்குப் போவதற்கு முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கண் விழித்ததே இந்தக் கோட்டைக்குள், தாய் நடத்திவந்த முதுகலை மையத்தில்தான். 1806இல் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய கோட்டைக்குள் நம் பிள்ளைகள் புத்தகம் தூக்கிப் போனார்கள். என் மகளும் அங்கே படித்தவள். இதை நான் ஒப்புக்கொண்டால் என் அணித்தலைவர் என்னை முறைப்பார், முறைத்துவிட்டார்.

1986இல் அம்மா தேறினார். தபால்காரர்தான் சொன்னார், அவர் கையில்தான் முதல் சர்க்கரையும் விழுந்தது. மறுவாரம் பேருந்து ஏறி வேலூருக்கு வந்தோம், அதே ஸ்டூடியோவுக்கு. அதே அங்கி. முதுகில் கிளிப் மாட்டினார்கள். அம்மா கண்ணாடியில் பார்த்தார். தோள் ஓட்டையில் வெள்ளைச் சட்டை தெரியவில்லை, கல்யாணப் புடவையின் அரக்கு நிறம் தெரிந்தது. பெரிய மாமாவிலிருந்து வக்கீல் மகன் வரைக்கும் இத்தனை பட்டதாரிகள் அந்த ஓட்டையோடு படத்துக்கு நின்றார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ஸ்டூடியோக்காரரிடம், "ஊசியும் கறுப்பு நூலும் இருக்குமா அண்ணா" என்று கேட்டார். முக்காலியில் உட்கார்ந்து, பீடி சுற்றிப் பழகிய விரலால், பொறுமையாக அதைத் தைத்தார். பிறகு எழுந்து நின்று, "இப்ப எடுங்க" என்றார்.

வட ஆர்க்காட்டு வீடுகளில் அதற்குப் பிறகு மாட்டிய பட்டமளிப்புப் படம் எதிலும் அந்த ஒரு ரூபாய் இல்லை நடுவர் அவர்களே. போய்ப் பாருங்கள். வணக்கம்.