குழந்தைகள் வார்டில் சளி, இருமலை ஏன் கணக்கெடுக்கிறார்கள்?

(காட்சி: மழை நாள். மருத்துவமனை வாசலில் குழந்தையைத் துண்டில் பொதிந்து தூக்கி வரும் தாய்.)

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து தருமபுரி ஜிஎச்சுக்கு வரும் அம்மாக்கள் சொல்வது ஒன்றுதான்: "சளிங்க, மூச்சு இழுக்குது." அதற்குக் காரணம் ஆர்எஸ்வியாக (மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் ஒரு வைரஸ்) இருக்கலாம், இன்ஃப்ளூயன்சா என்கிற ஃப்ளூ வைரஸாக இருக்கலாம், நிமோகாக்கஸ் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் எது என்று சொல்ல முடியாது. எந்தக் கிருமி, எந்த மாதம், எந்த வயதுக் குழந்தைகளைப் படுக்கையில் தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

(காட்சி: குழந்தையின் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணும் நர்ஸ்.)

குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேக மூச்சுதான்.

சரி, யாரைக் கணக்கில் சேர்ப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் (அல்லது காய்ச்சல் இருந்ததாகச் சொன்னால்), இருமல், தொடங்கி 10 நாளுக்குள், அட்மிஷன் தேவைப்படும் நிலை. ஆனால் கைக்குழந்தைக்கு ஆர்எஸ்வி வந்தால் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். மூச்சு விட்டுவிட்டு வருவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் ஆர்எஸ்வியைத் தேடும்போது காய்ச்சல் கட்டாயமில்லை. இது முக்கியம். இல்லையென்றால் ரொம்பச் சின்னக் குழந்தைகளே கணக்கில் விடுபட்டுப் போவார்கள்.

(காட்சி: மூக்கில் ஸ்வாப் எடுத்து, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் குச்சியை ஒடித்துப் போடுகிறார்கள். ஐஸ் பெட்டி.)

2 முதல் 8 டிகிரி குளிரில் ஆய்வகத்துக்குப் போகும். பிசிஆர் என்கிற, கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையில் வைரஸ் தெரியும். நோய் தொடங்கிய சில நாட்களுக்குள் எடுத்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் "இருமல் என்னைக்கு ஆரம்பிச்சது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். இந்த வாரம் 10 பேருக்கு ஆர்எஸ்வி என்றால் கூடியதா, குறைந்ததா? 20 பேரைப் பரிசோதித்ததில் 10 என்பது வேறு, 100 பேரில் 10 என்பது வேறு. மொத்தம் எத்தனை பேருக்கு எடுத்தோம் என்று எழுதாத பதிவேட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் குழந்தையைப் பெங்களூருக்கே தூக்கிப் போகிற குடும்பங்கள் உண்டு. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்களும் உண்டு. அந்தக் குழந்தைகள் நம் வார்டுக் கணக்கில் வரமாட்டார்கள். எங்கே குறைவாகத் தெரிகிறதோ, அங்கே நோய் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

(காட்சி: தடுப்பூசி அட்டை.)

வரும்போது இந்த அட்டையை எடுத்து வாருங்கள். நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போட்டிருக்கிறதா என்பதும் பதிவாக வேண்டும். அப்புறம், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.