புள்ளி இல்லாட்டி மூளை திருந்தாது! எம்எஸ், மயலின், ஆர்என்ஏ

வணக்கம் மக்களே! ரிப்பேர் பண்ணவேண்டிய செல் காயத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, ஆனா வளரமாட்டன் எண்டு அடம்பிடிக்குது. எம்எஸ், அதான் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், நாள்பட்ட கன பேரோட மூளைல நடக்கிறது இதுதான். ஏன்?

பேக்ரவுண்ட் டக்கெண்டு சொல்லிட்டுப் போறன். நரம்ப சுத்தியிருக்கிற கொழுப்பு உறைதான் மயலின், எம்எஸ்ல நம்மட நோயெதிர்ப்புச் செல்லே அத அழிக்குது, திரும்பச் சுத்துறது ஒலிகோடென்ட்ரோசைட், அதோட குட்டி நிலை ஓபிசி. முடிஞ்சுது.

இப்பதான் விசயம். ஓபிசி வளர ஆர்என்ஏல, அதான் ஜீன்ல இருந்து எடுக்கிற நகல்ல, கட்டளை வரும். அதுல சில அடினோசின் எழுத்துல செல் மெத்தில் எண்ட சின்ன ரசாயனத் துண்டு ஒண்ட ஒட்டும், பேர் எம்-சிக்ஸ்-ஏ. எழுத்து அதேதான், வாசிக்கிற விதம் மாறும். இத விளங்கப்படுத்த வெள்ளைக்காரன் படுற பாடு இருக்கே, நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல, நம்மகிட்ட புள்ளி இருக்கு!

[திரையில்: பல் / பல]

வெள்ளவத்தைல ஒரு ‘பல் வைத்தியர்’ போர்ட், மழைக்கு புள்ளி அழிஞ்சுது எண்டு வைங்க, ‘பல வைத்தியர்’! ஒரு பல்லுக்கு பத்து டொக்டர், பில் எவ்வளவு வரும்? பழைய ஓலைச்சுவடில ஓலை கிழிஞ்சிடும் எண்டு புள்ளி வைக்காமலே விட்டிருக்காங்க தெரியுமா, வாசிக்கிறவர் பழக்கத்துல பிடிச்சிடுவார், பாவம் செல்லுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்ல. அந்த மெத்தில்தான் செல்லோட புள்ளி. புள்ளி வைக்க மெட்டில்3, மெட்டில்14 எண்டு ஒரு புரத ஜோடி, அழிக்க எஃப்டிஓ எண்ட புரதம். இந்த எஃப்டிஓ 2007ல உடம்பு வைக்கிற ஜீன் எண்டு பேர் வாங்கினது, 2011லதான் அதோட அழிக்கிற வேலை பிடிபட்டுது!

2020ல நியூரோன் ஜேர்னல்ல வந்த எலி ஆராய்ச்சில மெட்டில்14அ தூக்கிப் பார்த்தாங்க. ஓபிசி எண்ணிக்கை குறையேல்ல, ஆனா வளர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட் குறைஞ்சுது, மயலினும் குறைஞ்சுது. மயலின் ஓரத்த நரம்போட பிடிச்சுவைக்கிற புரதம் நியூரோஃபாசின்155, அதோட ஆர்என்ஏ வெட்டி ஒட்டுறதே பிழைச்சுப் போச்சு.

அது வளர்ற எலி, எம்எஸ் நோயாளி இல்ல, சரியா? ஃபேமிலி வாட்ஸ்அப்ல ‘எம்எஸ்க்கு மருந்து வந்தாச்சு’ எண்டு மாமா அனுப்பினா இந்த வீடியோவ அங்க தட்டி விடுங்க. இப்ப நோயக் கட்டுப்படுத்துற மருந்தெல்லாம் நோயெதிர்ப்ப அடக்குறதோ மாத்துறதோதான், மயலின திரும்ப வளர்க்க எண்டு அனுமதி கிடைச்ச மருந்து ஒண்டும் இல்ல. அதோட இந்தப் புள்ளி உடம்பு முழுக்க இருக்கு, மூளைல மட்டும் கூட்டுறது லேசில்ல. கேன்சர் பக்கம் மெட்டில்3அ தடுக்கிற மருந்த மனுசர்ல டெஸ்ட் பண்றாங்க, அதாவது புள்ளி வைக்கவே விடாது, அப்ப அந்த ஆக்கள்ட மயலின யாராவது பார்க்கிறாங்களா? நானா இருந்தா முதல்ல அதத்தான் கேப்பன், நீங்க என்ன நினைக்கிறீங்க, கமெண்ட்ல போடுங்க.