டைப் அடிக்கத் தெரியும், எழுத்து எங்கே என்று தெரியாது

[திரையில்: எழுத்துகள் அழிக்கப்பட்ட கீபோர்டு]

இந்தக் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளை நிரப்பச் சொன்னால் உங்களுக்கு எத்தனை சரியாக வரும்? வீடியோவை நிறுத்திவிட்டு எழுதிப் பாருங்கள். விரலால் மேசையில் தட்டிப் பார்க்கக் கூடாது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 100 பேரிடம் இதைக் கேட்டார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு. நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் அடிக்கிறவர்கள் அவர்கள். 80 வினாடி கொடுத்தும், 26 எழுத்துகளில் ஏறக்குறைய 15தான் சரியான இடத்தில் விழுந்தன.

அப்படியென்றால் அவ்வளவு வேகமாக அடிப்பது யார்?

[திரையில்: மேலே ஒரு சொல், கீழே பிரியும் எழுத்துகள்]

அந்த ஆய்வுக்குழுவில் இருந்த கோர்டன் லோகன் தரும் விளக்கம் இது. தேர்ந்தவரின் மனதில் இரண்டு அடுக்குகள். மேலடுக்கு சொல்லைக் கொடுக்கிறது. கீழடுக்கு அதை எழுத்துகளாகப் பிரித்து விரல்களுக்கு அனுப்புகிறது. கீழே நடப்பது மேலே தெரிவதில்லை. ஒரு சொல்லில் இடக்கையால் அடிக்கும் எழுத்துகளை மட்டும் அடியுங்கள் என்று சொன்னால் போதும், கையைக் கவனித்தே ஆக வேண்டியிருப்பதால் வேகம் சரிந்துவிடுகிறது.

புதிதாகப் பழகுபவருக்குக் கீழடுக்கு இன்னும் உருவாகவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தேடி, கண்டு, அழுத்துகிறார். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏ எஸ் டி எஃப்’ வரிசையை அலுக்க அலுக்க அடிக்க வைக்கிறார்களே, அது இந்த அடுக்கைக் கட்டும் வேலைதான்.

சரி, தவறைக் கண்டுபிடிப்பது எந்த அடுக்கு? என்னை மிகவும் வியக்க வைத்த சோதனை இதற்காகச் செய்யப்பட்டதுதான். 2010இல் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் திரையில் ஒரு தந்திரம் செய்தார்கள். சரியாக அடித்ததில் கணினியே சில பிழைகளைச் செருகியது. உண்மையான பிழைகள் சிலவற்றைச் சத்தமில்லாமல் திருத்தியது. அடித்தவர்கள் திரையை நம்பினார்கள். செய்யாத பிழைக்குப் பொறுப்பேற்றார்கள், திருத்தப்பட்டதைச் சரியாக அடித்ததாகவே சொன்னார்கள். ஆனால் விரல்கள் ஏமாறவில்லை! உண்மையில் தவறிய இடத்துக்கு அப்புறம் மட்டும்தான் அவை தயங்கின. செருகிய பிழைக்குத் தயங்கவில்லை. தவறு நடந்தது விரலுக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

[திரையில்: ஒரு வரியில் விரலுக்கு முன்னால் நகரும் கண்]

இன்னொன்று, வயது. 1984இல் உளவியலாளர் திமோத்தி சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். திரையில் எழுத்து தோன்றியதும் அதற்குரிய பொத்தானை அழுத்தும் சோதனையில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். டைப்பிங்கில் பின்தங்கவில்லை. அவர்கள் கண், விரல் அடித்துக்கொண்டிருக்கும் எழுத்துக்கு முன்னே, இளையவர்களின் கண்ணைவிடக் கூடுதல் தூரம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பழகுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கண் கீபோர்டிலேயே இருந்தால் அப்படி முன்னே போய்ப் படிக்க வழியில்லை. தொடக்கத்தில் வேகம் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, பார்வையைத் தாளில் வையுங்கள்.