பன்றிக்கறி வியாபாரியும் சபாநாயகரும்

நடுவருக்கும் அவையோருக்கும் வணக்கம். அயர்லாந்துக்காரர் ஜோசப் பிக்கரின் பிரிட்டிஷ் பாராளுமன்ற வாழ்க்கை சாதனையா, சத்தமா? நான் சாதனை அணி.

1875 ஏப்ரல் 22. லண்டன், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை. அப்போது பிரிட்டன் ஆண்ட அயர்லாந்தை அடக்கி வைக்க ஒரு மசோதா. அயர்லாந்தின் கேவன் தொகுதி உறுப்பினர் பிக்கர், அதைப் பேசியே இழுத்தடிக்க எழுந்திருக்கிறார். கூன் முதுகு, கரகரத்த குரல், கையில் அரசாங்க அறிக்கைக் கட்டு. பிரிக்கிறார், படிக்கிறார். ஒரு மணி நேரம்: சபை கொட்டாவி விடுகிறது. இரண்டு மணி நேரம்: ஆட்கள் நழுவுகிறார்கள். மூன்று: இவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். சபாநாயகர் ஒரு தந்திரம் செய்தாராம். "உறுப்பினர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை." உட்கார்ந்துவிடுவார் என்று கணக்கு. நம்ம ஆள் கட்டைத் தூக்கினார். நடந்தார். நடுவரே, இதோ, இப்படி, நிதானமாக. சபாநாயகருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஐயாவுக்குக் கேட்கவில்லையா? அப்படியென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?"

நடுவரே, மணியில் கை வைத்திருக்கிறீர்கள். அடியுங்கள், பரவாயில்லை. கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

ஏறக்குறைய நாலு மணி நேரம் அந்தப் பேச்சு. எதிரணி நண்பர் கிண்டலடித்தார்: "பெல்ஃபாஸ்டில் பன்றிக்கறி விற்றவர், பேச்சையும் எடை போட்டு விற்றார்." ஆமாம் ஐயா, வியாபாரிதான்! எதிராளியிடம் எந்தச் சரக்கு தட்டுப்பாடு என்று வியாபாரிக்குத்தான் தெரியும். லண்டனிடம் பட்டாளம் இருந்தது, கப்பல் இருந்தது, கஜானா இருந்தது. இல்லாதது நேரம். உலகம் முழுக்கப் பரவிய சாம்ராஜ்யத்துக்குச் சட்டம் போட வேண்டிய சபை அது. அந்த நேரத்தைத்தான் பிக்கர் பதுக்கினார். 1877-இல் தென்னாப்பிரிக்க மசோதாவுக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து 26 மணி நேரம் சபையை உட்காரவைத்தார்கள். 1881-இல் 41 மணி நேரம்! கடைசியில் சபாநாயகரே தன் அதிகாரத்தில் விவாதத்தை முடித்தார். மறுவருடம் அதற்கென்று விதியே எழுதினார்கள். பன்றிக்கறி வியாபாரிக்குப் பயந்து பாராளுமன்றம் தன் விதியை மாற்றியதய்யா! இதைவிடப் பெரிய ரசீது வேண்டுமா?

சரி, எதிரணியின் மற்ற பாயிண்டுகளுக்கு வேறு யாராவது பதில் சொல்வார்கள்.

அந்த 1875 ஏப்ரல் 22 அன்றுதான் 28 வயதுப் பையன் ஒருவன் புது உறுப்பினராகச் சபைக்குள் வந்தான். பெயர் பார்னெல். பத்து வருடத்தில் அவன் தலைமையில் அயர்லாந்துக் கட்சிக்குச் சபையில் 86 பேர். 1890 பிப்ரவரியில் பிக்கர் போய்விட்டார். அந்த டிசம்பரில் கட்சி இரண்டாக உடைந்தது. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை.

என் தாத்தாவுக்குக் கூன். ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நின்றாலே கை சுவரைத் தேடும். இவர் நாலு மணி நேரம் நின்றார், நடுவரே. பிடித்துக்கொள்ளச் சுவர்கூட இல்லாமல்.